கறைக்குப் பெயிண்ட், கம்பிக்குப் பூச்சு: மும்பை மாநகராட்சிக் கட்டடங்களில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

போன ஆகஸ்டில் ஒரு மாநகராட்சி டிஸ்பென்சரியில் பி.பி. பார்க்க உட்கார்ந்திருந்தேன். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு மேலே, ஸ்லாபில், தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அதன் நடுவிலிருந்து அரை நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. கீழே வாளி, சத்தம் கேட்காமல் இருக்க அதற்குள் ஒரு பழைய துணி. பக்கத்தில் இருந்த பாட்டி, திருநெல்வேலிப் பேச்சு மாறாமல், "மூணு மழையா இப்படித்தான்யா ஒழுகுது. மார்ச்சுலதான் வந்து பெயிண்டு அடிச்சிட்டுப் போனானுவ" என்றார்.

பெயிண்ட் அடித்தவர் கறையைப் பார்த்திருக்கிறார், மாடிக்கு ஏறவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் கட்டட ரிப்பேர் வேலையில் கொத்தனார்களோடும் இன்ஜினியர்களோடும் அலைகிறேன். பொதுக் கட்டடங்கள் கெடுவதற்குக் காசில்லாதது காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். புகார் கொடுப்பவர் 'கட்டடம் மோசமாக இருக்கிறது' என்று எழுதுகிறார். ரிப்பேருக்கு வருபவர் கண்ணில் பட்டதை மூடிவிட்டுப் போகிறார். எங்கே, எப்போது, எதற்குப் பிறகு என்ற மூன்று விவரமும் இருவரிடமும் இருப்பதில்லை.

பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், பால்வாடி டீச்சர்கள், பொதுக் கழிப்பறைக் கமிட்டியில் இருப்பவர்கள், டிஸ்பென்சரியில் வாரா வாரம் உட்காருகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோளாறு எப்படித் தெரிகிறதோ அந்தத் தலைப்பில் பாருங்கள். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பி தெரிகிற பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"புகார் கொடுத்தோம், எங்க கட்டடமே இல்லைங்கிறாங்க"

முதலில் கட்டடம் யாருடையது என்று பார்க்க வேண்டும். பி.எம்.சி. (மும்பை மாநகராட்சி), மஹாடா (மாநில வீட்டுவசதி வாரியம்), மாநிலப் பொதுப்பணித் துறை, ரயில்வே என்று இந்த ஊரில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பல சொந்தக்காரர்கள். குடிசைப் பகுதிக் கழிப்பறையில் இது இன்னும் சிக்கல்: கட்டியது ஒருவர், நடத்துவது வேறொரு கமிட்டி. வாசல் கல்வெட்டையோ தகரப் பலகையையோ போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிதியில், எந்த வருடம் என்று பெரும்பாலும் அதில் இருக்கும்.

பி.எம்.சி. கட்டடம்தான் என்று தெரிந்தால் எந்த வார்டு என்று பாருங்கள். தாராவி, தாதர், மாஹிம் பக்கம் ஜி நார்த். சயான், மாட்டுங்கா, வடாலா எஃப் நார்த். செம்பூர் எம் வெஸ்ட். பொதுவான ரிப்பேருக்கு வார்டு ஆபிஸின் மெயின்டனன்ஸ் பிரிவு. பள்ளிக்கூடம் என்றால் அதற்கென்று பள்ளி உள்கட்டமைப்புப் பிரிவு தனியாக இருக்கிறது. கொசுவுக்குப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பிரிவு. இடிந்து விழுந்தது, விழப்போகிறது என்றால் இதெல்லாம் பார்க்க வேண்டாம், நேராக 1916-க்குப் போன்.

"மேலே ஈரம் கோத்திருக்கு, சொட்டுது"

பத்தில் ஆறு புகார் இதுதான், தவறான வைத்தியம் அதிகம் நடப்பதும் இதற்குத்தான். கறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் ஸ்லாபுக்குள் பத்தடி நடந்து வந்துகூட இறங்கும். அதனால் இடத்தைவிட நேரம்தான் முக்கியம்.

ஒரு பென்சிலை எடுத்துக் கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் தண்ணீர் இன்னும் வருகிறது என்று அர்த்தம். நடுவில் நல்ல மழை பெய்தும் தாண்டவில்லை என்றால் அது பழைய கறை, பெயிண்ட் போதும். சரி, தாண்டியிருக்கிறது என்றால் சொட்டுகிற நேரத்தைக் கவனியுங்கள்.

மழை ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் சொட்டினால் தண்ணீருக்கு நேர் வழி இருக்கிறது. மழைத்தண்ணீர் இறங்கும் பைப்பின் இணைப்பு, கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, பழைய கம்பத்தைப் பிடுங்கிய ஓட்டை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

மழை தொடங்கிப் பல மணி நேரம் கழித்து ஆரம்பித்து, மழை விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் சொட்டினால், கோபா தண்ணீர் குடித்திருக்கிறது. மும்பை மொட்டைமாடிகளில் உடைந்த செங்கல் துண்டுகளைக் கலவையில் பதித்துச் சரிவாக ஒரு தளம் போடுவார்கள், அதுதான் கோபா. நல்லபடி போட்டால் பல வருடம் தாங்கும். மேல்பூச்சு வெடித்துவிட்டால் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகக் கீழே விடும்.

வருடம் முழுக்கச் சொட்டினால் அது மழையே இல்லை. மேலே கழிப்பறை இருக்கிறதா, தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊரில் குழாய்த் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும். அந்த நேரத்துக்குப் பிறகு மட்டும் சொட்டினால் தொட்டி நிரம்பி வழிகிறது. பத்து நிமிஷ வேலை, ஒரு மிதவை வால்வு மாற்றினால் போதும். இதற்குப் போய் மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃபிங் எஸ்டிமேட் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சுவரில் மட்டும், அதுவும் மேற்குப் பக்கச் சுவரில் என்றால், தென்மேற்குப் பருவமழை சாய்வாக அடித்து வெளிப்பூச்சு விரிசல் வழியாக உள்ளே வருகிறது. உள்பக்கம் எத்தனை கோட்டு பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. வெளியே அடைக்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்கு மட்டும் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது. அதன்மேல் டைல்ஸ் ஒட்டினால் ஓதம் இன்னும் மேலே ஏறும். அவ்வளவுதான் நடக்கும்.

அப்புறம், மொட்டைமாடிக்கு ஏறுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதே பாதி வேலை. ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்மாடி வகுப்பறைகள் மூன்று ஒழுகுகின்றன, பெரிய தொகைக்கு எஸ்டிமேட் தயார் என்று என்னை அழைத்துப் போனார்கள். மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர், நடுவில் புறா இறகுகள் மிதக்கின்றன. மழைத்தண்ணீர் போகும் வாயில் கையை விட்டேன். ஒரு ஷட்டில்காக், இரண்டு குட்கா பாக்கெட், தேங்காய் நார் ஒரு கொத்து. ஷட்டில்காக் வெளியே வந்ததும் பைப்பு ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், கீழே கிரவுண்டில் நின்ற பியூன் நிமிர்ந்து பார்த்தார். அரை மணி நேரத்தில் மாடி காலி. அந்த மழைக்காலத்தில் மூன்று வகுப்பில் இரண்டு ஒழுகவில்லை. மூன்றாவதில் நிஜமாகவே கோபா வெடித்திருந்தது. எஸ்டிமேட் அதற்கு மட்டும் போட்டால் போதும் என்று ஆனது.

இரண்டு எச்சரிக்கைகள். மாடியில் மழைத்தண்ணீர் போகும் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கிச் சோதிப்பது நல்ல சோதனைதான், ஆனால் இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ. கீழே பூச்சு உதிர்கிற ஸ்லாபின்மேல் இதைச் செய்யக்கூடாது. இன்னொன்று, பழைய கோபாவை எடுக்காமல் அதன்மேல் புது கோபா போடுவது. நாலு அங்குலக் கோபா சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ வரும். ஒழுகும்போதெல்லாம் ஒரு அடுக்கு சேர்த்தால், ஒழுகலை நிறுத்துகிறேன் என்று ஸ்லாபின் தலையில் லாரி லாரியாகப் பாரம் ஏற்றுகிறோம். 'பழையதை உடைத்து எடுத்துவிட்டு' என்ற வார்த்தை வேலைப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எப்போது புகார் கொடுப்பது? எல்லோரும் ஜூலையில் கொடுக்கிறார்கள். ஜூலையில் தாட்பத்ரி (தார்ப்பாய்) விரிப்பதைத் தவிர யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மழை விட்ட அக்டோபரில், கறை பச்சையாக இருக்கும்போதே கொடுங்கள். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரியில் வருகிறது. வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்குக் காய்ந்த மாதங்கள் டிசம்பரிலிருந்து மே வரை. மார்ச் 31-க்குள் செலவு காட்ட வேண்டும் என்று அவசரமாக வருவது பெயிண்ட் டப்பா மட்டும்தான். அந்தப் பாட்டி சொன்ன மார்ச் இதுதான்.

"சீலிங்கிலிருந்து பூச்சு விழுது, கம்பி தெரியுது"

இங்கே விளையாட்டு வேண்டாம். முதல் வேலை, அந்த இடத்துக்குக் கீழே யாரையும் உட்கார விடாதீர்கள். பெஞ்சை நகர்த்துங்கள், வகுப்பை மாற்றுங்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

விழுந்த துண்டை எடுத்துப் பாருங்கள். வெறும் சிமெண்ட் பூச்சு மட்டும், மேலே கான்கிரீட் முழுசாக இருக்கிறது என்றால் பயம் குறைவு. துண்டின் பின்பக்கம் துருவின் அச்சு, ஒரு கோடு மாதிரி சிவப்பாகப் பதிந்திருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைத் தள்ளிவிட்டிருக்கிறது. இரும்பு துருவாகும்போது பழைய அளவைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை ஊதும். கான்கிரீட்டுக்குள் அதற்கு இடமில்லை, அதனால் வெடித்துத் தள்ளுகிறது. முதலில் கம்பியின் போக்கிலேயே நீளமான கீறல், பிறகு வீக்கம், பிறகு விழுதல். கீறலிலேயே கண்டுபிடித்தால் செலவு கொஞ்சம்.

கடல் காற்றின் உப்பு, ஒழுகல் ஈரம், இரண்டும் போதாதென்று கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் குறைவு. இப்போதைய இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456 (2000), கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டர் மூடல் கேட்கிறது. பழைய பள்ளிக் கட்டடங்களில் உதிர்ந்த இடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பல இடங்களில் 15-ஐத் தாண்டாது. சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மாநகராட்சித் தலைமையகம் 1893-இல் திறந்தது, கட்டடக் கலைஞர் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த கல் கட்டடம், இன்றும் கம்பீரமாக இருக்கிறது. நாற்பது வயது கான்கிரீட் பால்வாடி உதிர்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் நேர்மையானவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கல்லுக்குள் துருப்பிடிக்கக் கம்பி கிடையாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதிராத இடமும் நம்பக்கூடியதல்ல. மூங்கில் கம்பின் நுனியாலோ சின்னச் சுத்தியலாலோ, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நின்று மெதுவாகத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் இறுக்கம். 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்தப் பகுதி ஏற்கெனவே பிரிந்து தொங்குகிறது. பொள்ளல் கேட்ட பகுதியைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுங்கள். இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வர வேண்டும்.

வருபவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது உங்கள் உரிமை. கான்கிரீட்டின் உறுதியைக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியல் வைத்துப் பார்க்க வேண்டும். கான்கிரீட் வழியாக ஒலியை அனுப்பி வேகம் அளக்க வேண்டும்: நொடிக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் வந்தால் நல்லது, மூன்றுக்குக் கீழே போனால் சந்தேகம். புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் தெளித்தால் ஆரோக்கியமான கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காரத்தன்மை போன கான்கிரீட் நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. இதெல்லாம் இல்லாமல் மொபைலில் நாலு போட்டோ எடுத்துவிட்டுப் போனால் அது ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டட உறுதிச் சோதனை) இல்லை. 2019 மார்ச் 14 அன்று சி.எஸ்.எம்.டி. பக்கத்தில் நடைமேம்பாலம் விழுந்ததே, அது ஆடிட்டில் 'சின்ன ரிப்பேர் போதும்' என்று தேறிய பாலம்.

ஆடிட் முடிந்தால் கட்டடத்துக்கு ஒரு வகை கொடுப்பார்கள். சி-1 என்றால் காலி செய்து இடிக்க வேண்டியது. சி-2ஏ என்றால் ஒரு பகுதியைக் காலி செய்து பெரிய ரிப்பேர். சி-2பி என்றால் காலி செய்யாமல் கட்டமைப்பு ரிப்பேர். சி-3 சின்ன ரிப்பேர். மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-இன் 353பி பிரிவு, 30 வயது தாண்டிய கட்டடத்துக்கு உறுதிச் சான்று கேட்கிறது. வார்டு ஆபிஸில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: எந்த வகை, எந்தத் தேதியில்?

ரிப்பேர் என்றால் கம்பியின் மேல் சிமெண்ட் பூசுவது இல்லை. முட்டுக் கொடுத்து, பொள்ளல் எல்லாம் உடைத்து, கம்பியைச் சுற்றி விரல் போகும் அளவுக்குத் தோண்டி, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். ஒரு அறைக்கே பல நாள் ஆகும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்துவிட்டார்கள் என்றால் என்ன முடித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

டாக்யார்ட் ரோடு பாபு கேணு மார்க்கெட் கட்டடத்தை மறக்க முடியாது. மாநகராட்சிக்கே சொந்தமானது, மாநகராட்சி ஊழியர்களின் குடும்பங்களே குடியிருந்தன. 2013 செப்டம்பர் 27 விடிகாலையில் விழுந்து 61 பேர் இறந்தார்கள். நூற்றாண்டுக் கட்டடமெல்லாம் இல்லை, முப்பது சொச்சம் வயதுதான். கீழ்த்தளத்தில் அனுமதியில்லாமல் மாற்றங்கள் செய்ததாக வழக்கும் நடந்தது. ஆகவே உங்கள் கட்டடத்தில் யாராவது கவுண்டர் வைக்க, குடோன் ஆக்க, கதவு பெரிதாக்க என்று சுவரை உடைத்தால், தூண், பீமில் கை வைத்தால், அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

"சுவரில் விரிசல்"

எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. தலைமுடி மாதிரி வலைப்பின்னலாக இருந்தால் பூச்சு காய்ந்த விரிசல். பீமுக்கு அடியில் நேர்க்கோடாக இருந்தால், கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் வேறு வேறு அளவு விரிவதால் வருவது. வெட்டி, கோழிவலை வைத்துப் பூசினால் போகும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி மாடிப்படி போல் செங்கல் இணைப்புகளில் இறங்கினால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தூணில் மேலிருந்து கீழாக நீளமாக ஓடினால் முந்தைய பகுதிக்குப் போங்கள், அது துருக்கம்பி.

விரிசல் வளர்கிறதா என்று அறிய, அதன் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் இரு பக்கமும் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. முனிசிபல் இன்ஜினியர் முன்னால் ஐந்து பக்க மனுவைவிட உடைந்த கண்ணாடிக்கு மரியாதை அதிகம்.

"சுவிட்ச் தொட்டா ஷாக் அடிக்குது, மழையில் கரண்ட் போகுது"

மெயினை அணைத்துவிட்டுப் படியுங்கள். சுவர் ஈரமாக இருக்கும்போது மட்டும் ஷாக் என்றால் ஒழுகல்தான் மூலம். எலக்ட்ரீஷியன் வந்து போர்டு மாற்றினாலும் அடுத்த மழையில் திரும்ப வரும். ஒழுகல் புகாரோடு சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். மழையில் மட்டும் ட்ரிப் ஆனால் வெளிச்சுவர் லைட், மாடி மோட்டார், வெளி ஜங்ஷன் பாக்ஸ் இவற்றில் தண்ணீர் போயிருக்கும். போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் எம்.சி.பி. (தானாக விழும் சுவிட்ச்) எல்லாவற்றையும் இறக்கி ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த லைன் என்று தெரியும். எம்.சி.பி. மட்டும் இருந்து கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது கரண்டைத் துண்டிக்க அங்கே ஒன்றுமே இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தில் இதைத் தனியாக எழுதிக் கேளுங்கள். நகரத் தீவுப் பகுதியில் மீட்டர் வரைக்கும் கரண்ட் கொடுக்கும் பெஸ்ட் நிறுவனம் பொறுப்பு, மீட்டருக்கு இந்தப் பக்கம் கட்டடச் சொந்தக்காரர். இரண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

கழிப்பறை, தொட்டி, செடி, கரையான்

ஒரு கழிப்பறை மட்டும் அடைத்தால் அதன் வளைவில் அடைப்பு. எல்லாம் ஒரே நேரத்தில் ஏறி வந்தால் வெளிச் சேம்பரோ செப்டிக் டேங்கோ நிரம்பியிருக்கிறது. பெருமழையும் ஹைடைடும் (கடல் ஏற்றமும்) சேர்ந்த நாளில் மட்டும் என்றால் வெளியே மெயின் லைன் தாங்கவில்லை. கட்டடத்துக்குள் காசு போட்டுப் பயனில்லை, தேதியும் நேரமும் எழுதிச் சாக்கடைப் பிரிவுக்குக் கொடுங்கள். எந்த நிலையிலும் ஆளை டேங்குக்குள் இறக்க விடாதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். வண்டி கொண்டு உறிஞ்சி எடுக்க வேண்டியது.

கொசு அதிகம் என்றால் மாடித் தொட்டி மூடியைப் பாருங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஏணி இல்லாத தொட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாடியில் போட்டுவைத்த தாட்பத்ரி மடிப்பிலும் தண்ணீர் நிற்கும்.

சுவரில் அரசங்கன்று இருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள். தண்டு கையோடு வரும், வேர் உள்ளே இருந்து திரும்பத் தழைக்கும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் வேர்க்கொல்லி மருந்து வைத்து, காய்ந்த பிறகு வேரை எடுத்து அடைக்க வேண்டும். அரசமரத்தை வெட்டமாட்டேன் என்று சொன்ன தொழிலாளியையும் பார்த்திருக்கிறேன். கன்றாக இருக்கும்போதே எடுத்துத் தரையில் நட்டுவிடலாம் என்றதும் சம்மதித்தார்.

கரையான் ரெக்கார்டு ரூமுக்கு வந்தால் மருந்தைவிட முதலில் ஈரத்தைத் தேடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டாலே பாதி குறையும்.

"ரிப்பேர் பண்ணாங்க, ஆறே மாசத்துல பழையபடி"

காண்ட்ராக்டில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று எழுதியிருக்கும். வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்குப் பல வருட உத்தரவாதம் வாங்குவது வழக்கம். அதற்குள் கெட்டால் காண்ட்ராக்டர் சொந்தக் காசில் செய்து கொடுக்க வேண்டும். யாரும் கேட்காததால் புது டெண்டர் வருகிறது.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மராத்தி, இந்தி, ஆங்கிலம் எதிலும் எழுதலாம். மகாராஷ்டிர விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். அதனால் கதை வேண்டாம். நான் எழுதிக் கொடுக்கும் கேள்விகள் இப்படி இருக்கும்:

"இந்தக் கட்டடத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த ரிப்பேர் வேலைகளின் வேலை ஆணை நகல். அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள். ஒவ்வொரு வேலைக்கும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. கடைசி ஸ்ட்ரக்சுரல் ஆடிட் அறிக்கை, வகை, தேதி."

எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்து எழுதும் அளவுப் புத்தகம்தான் இதில் பிடி. மாடி 200 சதுர மீட்டர் இருக்கும், புத்தகத்தில் 340-க்குப் பில் ஆகியிருக்கும். டேப் எடுத்துக்கொண்டு ஏறினால் போதும். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

பள்ளிக்கூடம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. ஒழுகல் அதில் பதிவானால் ஹெட்மாஸ்டரின் தனிக் கடிதத்தைவிட எடை அதிகம். தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள், சத்தம் போட்டால் வகுப்பையே வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று நம் ஆட்கள் வாயைத் திறக்கப் பயப்படுகிறார்கள். பயம் எனக்குப் புரிகிறது. ஒரே கட்டடத்தில் மராத்தி, இந்தி, உருது மீடியமும் நடக்கும், அவர்கள் தலைக்கு மேலேயும் அதே ஸ்லாப்தான். நாலு மீடியப் பெற்றோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அது தமிழ்ப் புகாராக இருக்காது.

"ரீடெவலப்மெண்ட் வருது, இப்ப ரிப்பேர் எதுக்கு?"

தாராவியில் இருப்பவர்கள் அப்பா காலத்திலிருந்து கேட்கிற வாக்கியம். வரட்டும். கட்டடத்துக்கு ஆடிட் வகை என்ன என்பதற்கு இது பதில் இல்லை. சி-1 என்றால் இன்றே காலி செய்து மாற்று இடம் கொடுக்க வேண்டும். சி-1 இல்லை என்றால் ரிப்பேர் செய்ய வேண்டும். வகையைக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் உள்வரவு முத்திரை வாங்குங்கள். முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். மை வறண்ட முத்திரை எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது.

"முட்டுக் கொடுத்து வச்சிருக்காங்க, ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு"

முட்டு என்பது ரிப்பேர் இல்லை, ரிப்பேர் ஆரம்பிக்கும்வரை தாங்குகிற கை. ஆனால் பல கட்டடங்களில் அது நிரந்தரமாகிவிடுகிறது. ஒரு பள்ளியின் வராந்தாவில் பிள்ளைகள் முட்டுக் குழாயின் திருகில் தண்ணீர் பாட்டில் மாட்டியிருந்தார்கள்.

மூன்று இடங்களைப் பாருங்கள். அடியில் குழாயின் கீழே பலகையோ இரும்புத் தகடோ இருக்கிறதா, நேராகத் தரை ஓட்டில் நிற்கிறதா. மழைத்தண்ணீர் தேங்கி அடி துருப்பிடித்திருக்கிறதா. கடைசியாக, குழாயைப் பிடித்து லேசாகத் திருகப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் கையை எடுத்துவிடுங்கள், அது பாரம் தாங்குகிறது, அதில் பை மாட்டவும் விடாதீர்கள். உங்கள் கைக்குச் சுற்றினால் அதன்மேல் பாரமே இல்லை. முட்டு தளர்ந்துவிட்டது, அல்லது முதல் நாளிலிருந்தே படம் எடுக்கத்தான் நிற்கிறது. வராந்தாவைக் கயிறு கட்டி மூடிவிட்டு, அன்றைக்கே 1916-க்குப் போன் போட்டுப் புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள்.